பிழையில்லாத கடிதம்

மெர்வ் ஹாட்ரிக் தன் மகளுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தது மே மாதக் கடைசியில். அதைத் தபாலில் போட்டது ஆகஸ்டில். இடையில் பதினோரு முறை எழுதினார். முதல் முறை எழுதியதில் ஒரு காற்புள்ளிகூட இல்லை, முற்றுப்புள்ளியும் இல்லை. மூன்று பக்கமும் ஒரே வாக்கியம். ஆஸ்திரேலியாவின் கொண்டோபோலின் ஊர் நூலகத்தின் பின்னறையில், சனிக்கிழமை காலை, கிளெனிஸ் அதை அவர் கையிலேயே கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். முதல் பக்கம் பாதி தாண்டுவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. நாற்பது வருஷமாக ஆட்டு ரோமத் தூசியை இழுத்த நெஞ்சு.

"தண்ணி குடிங்க," என்றாள் கிளெனிஸ். "எங்க நிறுத்தணும்னு உங்க கடிதம் சொல்லல பாத்தீங்களா. படிக்கிறவ செத்தா."

அடுத்த வாரம் அவர் வார்த்தைக்கு ஒரு காற்புள்ளி போட்டுக்கொண்டு வந்தார். முட்டைமேல் மிளகுத்தூள் தூவியது போல இருந்தது.

"இது என்ன?"

"மூச்சு வாங்குற எடத்துல எல்லாம் கமா போடணும்னு யாரோ சொன்னாங்க."

"உங்க மூச்சுக்குப் போட்டா பேனாவுல மை பத்தாது மெர்வ். உங்க மூச்சப் பாக்காதீங்க, சொல்ற விஷயத்தப் பாருங்க."

கிளெனிஸ் போர்ட்டெல்லிக்கு நாற்பத்தாறு வயது. நகர மன்ற அலுவலகத்தில் வெளியே போகும் கடிதங்களையெல்லாம் படித்துத் திருத்தி அனுப்புவது அவள் வேலை. சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல், பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மாணவர் எழுதியதில் தன் கையால் ஓர் எழுத்துகூடப் போட மாட்டாள். தப்பு இருக்கிற வரிக்கு நேரே, ஓரத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோடு. அவ்வளவுதான். என்ன தப்பு என்று கண்டுபிடிப்பது எழுதியவர் பாடு. மெர்வ் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் கால்மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். சில கோடுகளுக்கு ஒரு வாரம்.

அவருக்குப் பிடிபட்ட விதமே வேறு. புத்தகத்தில் இருந்த விதிகள் மண்டையில் நிற்கவில்லை. தான் வேலை செய்யும் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையை வைத்துத்தான் புரிந்துகொண்டார். ஆட்டைக் கால்களுக்கு நடுவே பிடித்து ரோமம் கத்தரிப்பவன், ஒரு பக்கம் முடிந்ததும் இயந்திரத்தைச் சற்றே தூக்கி, ஆட்டைப் புரட்டிக்கொள்கிறான் அல்லவா, அது காற்புள்ளி. ஆடு இன்னும் முடியவில்லை. இரண்டு மணி நேர வேலை ஓட்டம் முடிந்து மணி அடிக்கிறது, எல்லா இயந்திரமும் நிற்கிறது, அது முற்றுப்புள்ளி. அரைப்புள்ளிதான், அந்தச் செமிகோலன்தான், பல வாரம் அவரை அலைக்கழித்தது. ஒரு நாள், ரோமத்தைப் பொதியாக அழுத்தும் தன் இயந்திரத்தின் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது விளங்கிவிட்டது. கத்தரித்த ஆடு சறுக்குப் பலகை வழியாக வெளியே போய்விட்டது, அந்த ஆட்டின் கதை முடிந்தது. கத்தரிப்பவன் இடுப்பை நிமிர்த்தி, அதே பட்டிக்குள் அடுத்த ஆட்டைப் பிடிக்கப் போகிறான். மணி அடிக்கவில்லை. முடிந்தது, ஆனால் ஓட்டம் முடியவில்லை.

இதை அவர் கிளெனிஸிடம் சொன்னபோது அவள் கையிலிருந்த தாளை மடியில் வைத்தாள். பிறகு, "நான் இருபது வருஷமா இத யாருக்கும் இவ்வளவு ஒழுங்கா சொன்னதில்ல," என்றாள்.

கடிதம் எதற்கு என்றால், நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சவ அடக்கத்தில் நடந்ததற்கு.

மெர்வின் மனைவி நோலா இறந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அதுவரை அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது நோலா ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும் என்பது அவர் எண்ணம். பொதிகள்மேல் அடிக்கிற எழுத்தெல்லாம் அச்சுத் தகட்டில் வெட்டி வைத்திருக்கும், மேலே வைத்து மையை ஒற்றினால் போதும். எண்கள் தெரியும். மற்ற காகிதமெல்லாம் வீட்டுக்கு வரும், நோலா படிப்பாள், நோலா எழுதுவாள். பள்ளிக்கூடத்துக் கூட்டமென்றால் அவள்தான் போவாள். மகள் கெரின் ஆசிரியர் படிப்புக்கு வெளியூர் போன பிறகு அவள் எழுதிய கடிதங்களை நோலா சாப்பாட்டு மேசையில் வைத்துப் படித்துக் காட்டுவாள். பதிலின் கடைசியில் 'அப்பாவின் அன்பு' என்று எழுதுவதும் அவள் கைதான். யாராவது காகிதத்தை நீட்டினால் மெர்வ் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடிய விட்டுட்டு வந்துட்டேன்," என்பார். அந்தப் பையில் அவர் கண்ணாடி வைத்ததே கிடையாது. அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அடக்கத்துக்கு முந்தின நாள் கெரின் இரண்டு பக்கம் தட்டச்சு செய்து கொண்டுவந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் மொதமொதல்ல பாத்துக்கிட்ட கதைய எழுதியிருக்கேன்பா. அம்மா எனக்குச் சொன்ன மாதிரியே. நான் படிச்சா அழுதுடுவேன். நீதான் படிக்கணும்."

சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார். ராத்திரியே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறுநாள் தேவாலயத்தில் எழுந்து போய் முன்னால் நின்றார். காகிதத்தைப் பிரித்தார். எறும்பு வரிசை. வாயால் சொல்ல அவரிடம் கதை இல்லாமல் இல்லை, அந்த நடன மண்டபமும் நோலாவின் பச்சை உடையும் கண்முன் நின்றன. ஆனால் காகிதத்தில் இருப்பது ஒன்று, தான் சொல்வது ஒன்று என்றால் மகளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயம் வந்து வாயைக் கட்டியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்கட்டில், சாண்ட்விச் தட்டுகளுக்கு நடுவே, கெரின் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்.

"முப்பத்தேழு வருஷம் உனக்குச் சோறு போட்டவ. அவளப்பத்தி ஒரு வார்த்தை வரல உனக்கு. எழுதிக் குடுத்தும் வரல."

அதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. அவள் அன்று மாலையே, தான் ஆசிரியையாக இருக்கும் ஜீலாங்குக்குத் திரும்பிப் போனாள். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குப் பேசினாள். அதற்கடுத்த வருஷம் இவர் கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

ஆக, பதினோராவது முறை எழுதியதில் இப்படி இருந்தது:

'அன்புள்ள கெரின், அன்றைக்கு நீ கொடுத்த காகிதத்தை நான் படிக்கவில்லை; எனக்குப் படிக்கத் தெரியாது. உன் அம்மாவுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. அவள் எனக்காக மறைத்தாள், நான் எனக்காக மறைத்தேன். இப்போது கற்றுக்கொண்டேன். நீ எழுதிய இரண்டு பக்கத்தையும் போன மாதம் நானே படித்தேன். பச்சை உடை என்று எழுதியிருக்கிறாய், சரிதான், அது பச்சைதான்.'

கிளெனிஸ் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். ஓரத்தில் கோடு எதுவும் போடவில்லை. பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இப்படியே உறையில போட்டு அனுப்பிடுங்க மெர்வ்."

"இந்தக் கையெழுத்துலயா?"

"இந்தக் கையெழுத்துலதான்."

அவர் எழுத்து கோழி கிளறியது போலத்தான் இருந்தது. கோட்டுக்கு மேலே சில, கீழே சில. பொதி அழுத்துகிற விரல்கள் பேனாவை நம்பாமல் இறுக்கிப் பிடித்ததில் காகிதத்தின் மறுபக்கம் மேடு தட்டியிருந்தது.

"அவ டீச்சர்," என்றார். "நாங்க கொட்டகையில ஆறு வாரம் அழுக்கோட கெடப்போம். ஆனா ஊருக்குள்ள ஒருத்தர் வீட்டுக்குப் போறதுன்னா குளிச்சு, தேச்ச சட்டையப் போட்டுக்கிட்டுத்தான் போவோம். அப்படியேவா போறது?"

கிளெனிஸ் வாதாடிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. நூலகத்துக் கணினியில் ஒற்றை விரலால் இரண்டு சனிக்கிழமை தட்டினார். ஒவ்வொரு காற்புள்ளியையும் தேடிப் பிடித்து வைத்தார். அச்சாகி வெளியே வந்த வெள்ளைத் தாள் இஸ்திரி போட்ட சட்டை போலவே இருந்தது. கீழே கையெழுத்து மட்டும் பேனாவால் போட்டார். பதினோரு முறை எழுதிய கோணல் தாள்களையெல்லாம், வேலைக்குப் போன பண்ணையில், குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பைப் பற்றவைக்க எடுத்துக்கொண்டார். இனி அவை எதற்கு.

செப்டம்பர் இரண்டாம் வாரம். ஹில்ஸ்டன் போகும் பாதையில் ஒரு பண்ணை. சாப்பாட்டுக் கொட்டகையின் ஜன்னல் விளிம்பில் வைத்தால்தான் போனுக்கு அங்கே சிக்னல் கிடைக்கும். ஒரு முழம் தள்ளினால் செத்துவிடும். ஆகையால் எல்லாருடைய போனும் அந்த விளிம்பில் பல்வரிசை மாதிரி அடுக்கியிருக்கும். எவன் போன் அடித்தாலும் அவன் வந்து ஜன்னலுக்கு முதுகை வளைத்து, எல்லார் முன்னாலும்தான் பேசியாக வேண்டும்.

பத்துமணித் தேநீருக்கு மணி அடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மெர்வின் போன் அடித்தது.

"பெருசு, ஒன்னோடது," என்றான் டீகன். கத்தரிப்பவர்களில் மூத்தவன், வாய் ஓயாதவன். திரையைப் பார்த்துவிட்டு, "கெரின்னு போட்டிருக்கு. யாருய்யா அது, ரகசியமா? எங்களுக்குச் சொல்லவே இல்ல," என்றான்.

மெர்வ் கேக்குத் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். முழங்கால் மேசையில் இடித்தது.

"கெரின்."

"கடிதம் வந்துச்சுப்பா."

"வந்துச்சா."

"நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. யாரு எழுதிக் குடுத்தது?"

"நாந்தான்."

மறுமுனையில் ஒரு மூச்சு விடும் சத்தம்.

"அப்பா, நான் பதிமூணு வருஷமா இதத்தான் சொல்லிக் குடுக்கிறேன். அதுல ஒரு கமா தப்பு இல்ல. ஒண்ணுகூட இல்ல. முதல் வரியிலேயே செமிகோலன் போட்டிருக்கு. என் பன்னண்டாம் வகுப்புப் பசங்களுக்கே அது வராது. படிக்கத் தெரியாதுன்னு சொல்ற வரியில செமிகோலன்."

"அது வந்து..."

"படிக்கத் தெரியாதுங்கிறது உண்மையோ பொய்யோ, எனக்குத் தெரியல. உண்மையா இருந்தா நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். கேக்கறதுக்குத்தான் கூப்பிட்டேன். அதனால ஒரே ஒரு கேள்வி. அந்த எடத்துல ஏன் செமிகோலன் போட்ட? நீ எழுதினதுன்னா ஒனக்குத் தெரியுமில்ல. சொல்லு."

பதில் அவர் நாக்கிலேயே இருந்தது. ஆடு போய்விட்டது, மணி அடிக்கவில்லை. நாலே வார்த்தை. ஜன்னல் கண்ணாடியில் பின்னால் மேசை தெரிந்தது. டீகன் தேநீரை ஊதுவதை நிறுத்தியிருந்தான். சமையற்காரர்கூட அடுப்படியிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தார். 'நான் படிக்கக் கற்றுக்கொண்டேன்' என்று ஒருவன் சொன்னால், அதற்கு முன்னால் தெரியாது என்றும் சொன்னதாகத்தானே ஆகும். ஆறு பேர். அவர்களோடு இருபது வருஷம்.

கை தானாகச் சட்டைப்பையைத் தட்டியது.

"அப்புறம் பேசறேன் கண்ணு. இப்ப... இங்க ஆளுங்க இருக்காங்க."

மறுமுனையில் காகிதம் மடியும் சத்தம் கேட்டது.

"சரிப்பா," என்றாள். அழுகிற குரல் இல்லை. களைத்த குரல். வைத்துவிட்டாள்.

உடனே திருப்பிக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. இன்னொரு முறை. எடுக்கவில்லை. திரும்பியபோது அவர் முகத்தைப் பார்த்து டீகன் கேலி பண்ணவில்லை.

"யாருக்கு என்ன ஆச்சு பெருசு?"

மெர்வ் நின்றபடியே சொன்னார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது.

"எனக்கு அம்பத்தெட்டு வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாதுடா. அத எம்மக கேட்டா. உங்க முன்னாடி சொல்ல வாய் வரல."

டீகன் குவளையைக் கீழே வைத்தான்.

"பெருசு, அது எங்களுக்குத் தெரியுமே."

"என்ன தெரியும்?"

"தெரியும்யா. பதினஞ்சு வருஷமா பப்புல மெனு அட்டையக் குடுத்தா, 'இவனுக்கு வர்றதே எனக்கும்'னு சொல்லுவ. ஒரு தடவ நான் வேணும்னே ஈரல் சொன்னேன். ஒனக்குப் பிடிக்காதுன்னு தெரியும். ஒரு வார்த்த பேசாம தின்ன. அதுக்கப்புறம் மனசு கேக்கல, ஒனக்குப் பிடிச்சதாப் பாத்துத்தான் நான் சொல்றது." சற்று நிறுத்தி, "எனக்கு மட்டன் பொரியலே ஆகாது. உனக்காகத்தான்," என்றான்.

மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் கூடத் தெரியாது என்று சொல்லவில்லை.

மெர்வ் உட்கார்ந்தார். எதற்காகப் பயந்து வாயை மூடினாரோ, அது இவ்வளவு காலமும் மேசைமேல் உப்புக்குப்பி போலக் கிடந்திருக்கிறது. எல்லாரும் கையை நீட்டும்போது அதைத் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். மணி அடித்தது. எழுந்து போய்ப் பொதி அழுத்தினார். அன்று மாலைவரை ஒன்பது முறை கூப்பிட்டார்.

சனிக்கிழமை நூலகத்துக்கு வந்து கிளெனிஸிடம் சொன்னபோது அவள் கோபப்பட்டாள், யார்மேல் என்று தெரியாமல். கெரினின் போன் எண்ணை வாங்கி வெளியே நின்று தானே கூப்பிட்டாள். தெரியாத எண் என்பதால் கெரின் எடுத்தாள். கிளெனிஸ் பேசுவதைக் கண்ணாடிக் கதவு வழியாக மெர்வ் பார்த்துக்கொண்டிருந்தார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். பிறகு ஆட்டுவது நின்றது. உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"என்ன சொன்னா?"

"விடுங்க மெர்வ்."

"சொல்லுங்க. மறைச்சது போதும்."

"'நீங்க நல்லவங்களா இருக்கீங்க'ன்னா. 'எங்கம்மாவும் அப்படித்தான், வாழ்நாள் பூரா அவருக்காகப் பேசினா. அம்மா போனதும் இன்னொருத்தரப் பேச வச்சிட்டாரு. அவரு வாயத் தொறக்கட்டும்'னா." கிளெனிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் பேசியிருக்கவே கூடாது. கெடுத்துட்டேன்."

"நீங்க கெடுக்கல," என்றார்.

ஜீலாங்குக்கே போய்விடலாம் என்று நினைத்தார். கதவைத் தட்டி நின்றால், மறுபடி அந்த வாய் மூடிக்கொண்டால்? தன் வாயை அவருக்குத் தெரியும். காகிதம்தான் கைகொடுக்கிறது, வாய் கைகொடுக்கவில்லை. இந்த முறை தன் கையால் எழுதுவது என்று முடிவு செய்தார்.

சாப்பாட்டுக் கொட்டகையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இனி ஒளிக்க ஆளில்லாததால் எல்லார் முன்னாலும் காகிதத்தை விரித்தார். டீகன் எதிரே துணி தைத்துக்கொண்டிருந்தான்.

"பெருசு, ஒண்ணு சொல்லட்டா? தப்பும் தவறுமா எழுது. அந்தக் கமா கிமா ஒண்ணும் போடாத. கோணலா இருந்தா உடனே நம்பிடுவா."

அதுவும் சரிதான் என்று பட்டது. காற்புள்ளி இல்லாமல், முற்றுப்புள்ளி இல்லாமல் பாதிப் பக்கம் எழுதினார். எழுதும்போதே கை இடறியது. வார்த்தை முடிகிற இடத்தில் பேனா தானாக இறங்கப் பார்த்தது, பிடித்து இழுத்தார். கழுவிய காலோடு வேண்டுமென்றே சாணியில் மிதிப்பது போல இருந்தது. எழுதியதை மெல்ல உரக்கப் படித்துப் பார்த்தார். நிறுத்த இடமில்லாமல் இருமல் வந்தது. இப்படி எழுதியது மே மாதத்தில் இருந்த ஆள். அவளுக்கு அனுப்பிய கடிதத்தை அந்த ஆள் எழுதியிருக்க முடியாது. அந்த ஆளாக நடித்தால்தான் மகள் நம்புவாள் என்றால், இன்னொரு முறை கண்ணாடியை மறந்துவிட்டு வந்தேன் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்.

"முடியலடா," என்றார்.

"ஏன்?"

"வருது. போடாம இருக்க முடியல."

அந்தத் தாளைக் கசக்கிவிட்டு வேறு எடுத்தார். கோழி கிளறிய எழுத்தில், வேண்டிய இடத்தில் வேண்டிய புள்ளிகளோடு, ஒரு பக்கம் எழுதினார். ஆட்டைப் பற்றியும் மணியைப் பற்றியும் எழுதினார். 'நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். ஆறு பேர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர்களுக்கு முன்பே தெரியுமாம்.' டீகன் எழுந்து வந்து தோளுக்கு மேலாகப் படித்தான். படித்து முடித்ததும் போய், தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான். முகவரியை அச்சு எழுத்துப்போல ஒவ்வொன்றாக வரைந்தார். பின்பக்கம் தன் பெயரும் ஊரும். செவ்வாய்க்கிழமை அதைத் தபாலில் சேர்த்தார்.

மூன்று வாரம் ஆயிற்று. அந்தப் பண்ணை முடிந்தது. வீட்டுக்கு வந்து, வண்டியிலிருந்து படுக்கைச் சுருளை இறக்குவதற்கு முன்னால் தபால்பெட்டியைத் திறந்தார். மின்சாரக் கட்டணக் காகிதம். ஆட்டுத்தீவன விளம்பரம். நடுவில் அவருடைய உறை.

ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது. முகவரியின்மேல் நீலமையில் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் எழுதியிருந்தது. சாய்வில்லாத, நேரான, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் பழகிய எழுத்து. கெரின் பதினெட்டு வயதில் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து எழுதியதையெல்லாம் நோலாவின் குரலில்தான் அவர் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு பக்கமும் தட்டச்சு. மகளின் கையெழுத்தை அவர் தன் கண்ணால் படிப்பது இதுதான் முதல் தடவை.

வெயிலில் நின்றபடி படித்தார். எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை.

'பெற்றுக்கொள்ளவில்லை. தயவுசெய்து, அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பவும்.'